அம்பாள் யோசிக்கிறாள்

கழுத்தை மட்டும் அசைக்காமல் இருந்தால் போதும். கண்ணை அசைக்கலாம், விரலை அசைக்கலாம், மூச்சு விடலாம், எச்சில் விழுங்கலாம், ஆனால் விழுங்கும்போது தாடை கொஞ்சம் இறங்குகிறது, தாடை இறங்கினால் தூரத்தில் நிற்பவர்களுக்குத் தலையே இறங்கின மாதிரி தெரியுமோ என்னவோ, அதனால் எச்சிலையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். தலைப்பாகை கனக்கிறது. காலையில் காப்புக் கட்டிவிட்டு இதை எடுத்துத் தலையில் வைத்தபோது இவ்வளவு கனம் இல்லை, பகல் முழுக்கக் கூட்டத்தின் வெக்கையையும் கற்பூரப் புகையையும் குடித்துக் குடித்துப் பெருத்துவிட்டது, முன்பக்கத்துத் தங்கத் தகடு நெற்றியை ஒரு கட்டைவிரல் மாதிரி கீழே கீழே என்று அழுத்துகிறது. புருவத்தில் வியர்வை நிற்கிறது. துடைக்கக் கை தூக்கலாமா? தூக்கலாம் என்றுதான் நினைக்கிறேன், கைக்கு அர்த்தம் எதுவும் கிடையாது, தலைக்குத்தான் அர்த்தம். ஆனாலும் கையைத் தூக்கினால் தோள் அசையும், தோள் அசைந்தால் கழுத்து. வேண்டாம். சேதிராயர் மாமா மறுபடி என் காதோரம் குனிகிறார், கிராம்பு வாசனை முதலில் வருகிறது, அப்புறம் குரல். "தம்பி, நாயுடு இன்னும் நிக்கிறார். சபைக்காரனுங்க எந்திரிக்கிற மாதிரி இல்ல. ரெண்டு தடவை சொல்லிப் பாத்தாச்சு. துப்பாக்கிச் சத்தம் கேக்காம நகரமாட்டானுங்க. அம்பாள் உத்தரவு ஆகணும்." நான் அசையவில்லை. சன்னதிக்கு நேரே, உயர மேடையில் போட்ட பலகை ஆசனத்தில், கர்ப்பக்கிருகத்தைப் பார்த்தபடி, கல்லாக. மாமா நிமிர்ந்து, ஐந்தாறு அடி தள்ளித் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு நிற்கிற போலீஸ் சூப்பிரண்டு நாயுடுவைப் பார்த்து, வருத்தமே இல்லாமல் சொல்கிறார்: "அம்பாள் யோசிக்கிறா."

அதுதான் இதில் இருக்கிற வினை. ஆமாம் என்பதற்கு ஒரு சைகை உண்டு, தலை தாழ்ந்தால் ஆமாம். இல்லை என்பதற்கு ஒன்றுமே கிடையாது. அசையாமல் இருந்தால் இல்லை என்று அர்த்தமில்லை, அம்பாள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம், மறுபடி கேட்கலாம், மறுபடி மறுபடி கேட்கலாம், பொழுது சாய்ந்து காப்பு அவிழ்க்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கலாம், ஒரே ஒரு தடவை கழுத்து ஓய்ந்துபோனால் போதும். இதைக் கண்டுபிடித்தவன் எங்கள் வம்சத்து முதல் ஆள். தும்பைக்கோட்டைச் சமஸ்தானத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் அந்தக் கதை தெரியும். அவன் மாடு மேய்த்துக்கொண்டிருந்தானாம், இந்தக் கோயில் அப்போது வெறும் புற்றாம், விஜயதசமி மத்தியானத்தில் வாய் நிறைய வெற்றிலையைப் போட்டு மென்றுகொண்டு புற்றடியில் உட்கார்ந்திருந்தானாம். அம்பாள் வந்து நின்று, "இந்த நாட்டைத் தாரேன், எனக்குப் பதிலா இருந்து பாத்துக்கிறியா?" என்றாளாம். எச்சில் வாயோடு தேவியிடம் எப்படிப் பேசுவது? தலையைக் குனிந்தானாம். முடிந்தது. அன்றிலிருந்து நாடு அவளுடையது, ராஜா அவளுக்குக் காரியஸ்தன், ராஜாவைக் கேள்வி கேட்க அவள் ஒருத்திக்குத்தான் பாத்தியதை. அதனால்தான் வருஷத்துக்கு இந்த ஒரு நாள் காப்புக் கட்டிய ராஜா வாய் திறக்கக்கூடாது, தலை தாழ்த்தினால் அது அம்பாளின் வாக்கு, மேல்முறையீடு கிடையாது. என்னோடு படித்த மாசிலாமணி இப்போது சபை மெம்பர், போன கூட்டத்தில் எழுந்து கேட்டானாம், கூட இருந்தவர்கள் வந்து சொன்னார்கள். "கனம் திவான் அவர்களே, அந்த ஆள் வெத்திலையைத் துப்பிட்டுப் பேசியிருக்கலாமே?" சபை முழுக்கச் சிரிப்பு. "இல்ல, சும்மா கேக்குறேன். வாயில எச்சி இருந்ததுக்காக இத்தனை தலைமுறையா வரி கட்டுறோம்." எனக்கும் சிரிப்பு வந்தது, மாமா முகத்தைப் பார்த்ததும் அதைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டேன். மாமாதான் திவான். அவருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. சபைக்காரர்கள் கேட்டது பெரிசாக ஒன்றுமில்லை, மழை பொய்த்த வருஷத்தில் சபையைக் கேட்காமல் புது வரி போடக்கூடாது என்று ஒரு தீர்மானம், அவ்வளவுதான், அதில் கையெழுத்துப் போடலாம் என்றுதான் எனக்கும் இருந்தது, நேற்று சாயங்காலம் மாமாவிடம் அதைச் சொல்லவும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பேசுவோம் தம்பி, பண்டிகை போகட்டும்" என்றார். காலையில் குருக்கள் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்ட பிறகு, நான் வாயடைத்துப் போன பிறகு, என் பேரில் சபையைக் கலைத்து உத்தரவு போயிருக்கிறது. காப்புக் கட்டிய கை பேனா பிடிக்கக்கூடாது, இரும்பு தொடக்கூடாது. எழுதவும் முடியாது.

அவர்கள் எழுந்து போகவில்லை. கச்சேரித் தெருவில் சபை மண்டபத்துக் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சபாநாயகர் வக்கீல் பஞ்சாபகேசன் நாற்காலியை விட்டு எழுந்தால் சபை கலைந்ததாகிவிடும் என்று யாரோ சட்டம் சொல்ல, இரண்டு பேர் அவரைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்திருக்கிறார்களாம், அவர் "ஒண்ணுக்குப் போகணும்ப்பா, விடுங்கப்பா" என்று கெஞ்சுகிறாராம். மாமா இதை என் காதில் சொன்னபோது சிரித்தார். அழுத்திக்கொண்டிருக்கிற இரண்டு பேரில் ஒருத்தன் மாசிலாமணி என்றும் சொன்னார். அதை ஏன் தனியாகச் சொன்னார்? தெரிந்துதான் சொன்னார். மாசிலாமணியின் அப்பா லாயத்தில் குதிரை பார்த்தவர். அரண்மனைப் பாடசாலையில் நான் ஒருவன்தான் மாணவன், ராஜா பிள்ளைமேல் பிரம்பு படக்கூடாது, அம்பாள் வைத்த உடம்பு, அதனால் பக்கத்துப் பலகையில் மாசிலாமணியை உட்காரவைத்தார்கள், நான் கணக்கில் தப்பு விட்டால் அவன் கையை நீட்டவேண்டும். எல்லாருக்கும் அது இயல்பாகத்தான் இருந்தது, அவன் அப்பாவுக்குக்கூட, பையனுக்குப் படிப்பும் சோறும் கிடைக்கிறதே என்று. வாத்தியார் வெளியே போனதும் கையை ஊதிக்கொண்டு சொல்வான். "டேய் விஜயா, பதினேழாம் வாய்ப்பாடு இன்னைக்கு ராத்திரி உக்காந்து படிச்சிருடா, நாளைக்கு வலது கை வேணும் எனக்கு, பம்பரம் விடணும்." நான் படிப்பேன். அப்படித்தான் கணக்கு எனக்கு வந்தது. ஆனால் பயத்தில் சில நாள் தெரிந்ததே மறந்துவிடும், அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே போட்டால் எந்தக் கணக்கும் தப்பாகத்தான் வரும், இப்போது கழுத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தால் கழுத்து துடிக்கிற மாதிரி. நினைக்கக்கூடாது. வேறு எதையாவது. சீமைச் சரித்திரம். அதில் ஒரு ராஜா வருவார், கடவுள்தான் தன்னை வைத்தார், தன்னைக் கேட்க எந்தச் சபைக்கும் வாயில்லை என்றவர், சபையைப் பூட்டினார், சண்டை வந்தது, தோற்றார், தலையை வாங்கிவிட்டார்கள். அன்றைக்குக் கடுங்குளிராம், குளிரில் உடம்பு நடுங்கினால் கூட்டம் அதைப் பயம் என்று நினைத்துவிடும் என்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டு போனாராம். அந்த இடம் வந்ததும் மாசிலாமணி என் பக்கம் சாய்ந்து, "பாவம்டா" என்றான். தலை போனதற்கு இல்லை. நடுங்கக்கூட முடியவில்லையே, அதற்கு. எனக்கு இப்போதுதான் அது முழுசாக விளங்குகிறது. ராஜாவின் உடம்பு எதைச் செய்தாலும் அதற்கு யாராவது அர்த்தம் வைத்துவிடுகிறார்கள்.

பேசிவிட்டால் என்ன. இந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன், செக்குமாடு மாதிரி. வாயைத் திறந்து, "நாயுடு, யாரையும் தொடாதே, கதவைத் திறக்கச் சொல்லி அவர்களை வீட்டுக்குப் போகவிடு, தீர்மானத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன்." இவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வார்த்தை, கூடவோ குறையவோ. ஆனால் காப்புக் கட்டிப் பேசினவன் ராஜா இல்லை. அங்கேயே கயிற்றை அறுத்துப் அடுத்த உரிமைக்காரன் கையில் கட்டிவிடுவார்கள், அந்த உரிமைக்காரன் மாமாவின் மகன், அதோ தூணோரம் பட்டுச் சட்டைக்குள் நெளிந்துகொண்டு நிற்கிறான், அவனைக் குளிப்பாட்டியே கூட்டிவந்திருக்கிறார்கள், ஈரத்தலை. அவன் கையில் கயிறு ஏறின மறுநிமிஷம் தலையைத் தாழ்த்திவிடுவான். ஆக, பேசாமல் இருந்தால் நான் ராஜா, ராஜாவால் பேசமுடியாது. பேசினால் நான் ராஜா இல்லை, ராஜா இல்லாதவன் பேச்சை நாயுடு எதற்குக் கேட்கவேண்டும்? வழியில்லை. இருக்கவேண்டும், எங்கேயோ ஒரு சந்து இருக்கவேண்டும், வக்கீல் யாராவது பக்கத்தில் இருந்தால் சொல்வான், ஆனால் வக்கீல்கள் எல்லாம் அங்கே கதவைத் தாழ்போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். நாயுடுவைப் பார்க்கிறேன். நல்ல மனுஷன், சர்க்கரை வியாதிக்காரர், நின்று நின்று கால் மாற்றுகிறார். அவர்தான் மத்தியானம் மாமாவிடம் மெதுவாகச் சொன்னார், என் காதிலும் விழுந்தது. "வாய் வார்த்தை பத்தாதுங்க திவான் சார். சுட்டப்புறம் ஏஜென்ட் துரை வந்து யார் சொன்னான்னு கேட்டா நான் யாரைங்க காட்டுறது? மகாராஜா தலையசைக்கட்டும், நாலு பேர் பாக்கட்டும், அப்புறம் பாருங்க." அவருக்கும் என் கழுத்து வேண்டியிருக்கிறது. கண்ணால் அவரிடம் சொல்லப் பார்க்கிறேன், வேண்டாம் நாயுடு, வேண்டாம் என்று கண்ணை விரித்துப் பார்க்கிறேன், அவர் சட்டென்று கும்பிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார், காப்புக் கட்டின ராஜாவை நேருக்கு நேர் பார்க்கக்கூடாது. அம்மா தாயே. உன்னிடம்தான் சொல்லவேண்டும் போலிருக்கிறது. நீ உள்ளே நெய்விளக்கில் எண்ணெய்முகமாக இருக்கிறாய், மூக்குத்தி மட்டும் மின்னுகிறது. உன்னை நான் நம்புகிறேனா? சின்ன வயசில் நம்பினேன், அந்த மூக்குத்தி என்னைப் பார்த்துச் சிமிட்டும். இப்போதும் முழுசாக நம்பாமல் இல்லை, அதுதான் தொந்தரவு. நம்பிக்கையே இல்லாதவனாக இருந்தால் பேசியிருப்பேன். நீ என் வாயை அடைத்திருக்கிறாயா, மாமா அடைத்திருக்கிறாரா? நீ நிஜமாகவே யோசிக்கிறாயா?

நாதசுரம் மாறுகிறது. மல்லாரி நின்றுவிட்டது. கூட்டத்தில் ஒரு அசைவு, பிள்ளைகளைத் தோளில் தூக்குகிறார்கள், யாரோ "மாலை வருது மாலை வருது" என்கிறார்கள். மாலை. மாலையை மறந்துவிட்டேன். பகல் முழுக்கக் கழுத்தைக் காத்துக்கொண்டு அதை எப்படி மறந்தேன்? அம்பாள் கழுத்தில் கிடந்த மாலையைக் களைந்து ஆபத்சகாய குருக்கள் கொண்டுவருவார், ராஜா தலை குனிந்து ஏற்கவேண்டும், வருஷாவருஷம் குனிந்திருக்கிறேன், அப்பா குனிந்திருக்கிறார், அதில் யாரும் அர்த்தம் தேடினதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் யாரும் எதையும் கேட்டதில்லை. மாமா என் வலப்பக்கம் வந்துவிட்டார். நாயுடுவையும் இன்னும் கிட்டே வரச்சொல்லிக் கைகாட்டுகிறார். ஓ. இதற்காகத்தான் இத்தனை பொறுமை. கேட்டுக் கேட்டு நான் மறுக்க மறுக்க அவர் வருத்தப்படாமல் நின்றது இதற்காகத்தான். சம்பங்கியும் மரிக்கொழுந்தும் கலந்த வாசனை முன்னால் வருகிறது, அதன் பின்னால் குருக்களின் குட்டை உருவம், இரண்டு கையிலும் பாம்பு மாதிரி தொங்குகிற மாலை. மாமா இந்தத் தடவை காதில் சொல்லவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, பாட்டுப் போல இழுத்துக் கேட்கிறார். "தாயே, உன் நாட்டை உன் காரியஸ்தன்கிட்டேருந்து பிடுங்கப் பாக்குற கூட்டத்தைக் கலைக்க நாயுடுவுக்கு உத்தரவா?" குருக்கள் மாலையைத் தூக்குகிறார். நான் குனியவில்லை. குருக்கள் மேடைக்குக் கீழே நின்றபடி குதிகாலை உயர்த்துகிறார், எட்டவில்லை, மாலை என் மூக்கில் இடிக்கிறது. "மகாராஜா," என்கிறார், "கொஞ்சம் குனியணும்." குனியவில்லை. "மகாராஜா, கை நடுங்கறது, அம்பாள் மாலை கீழே விழப்படாது." அவருக்கு எதுவும் தெரியாது, நிஜமாகவே கை நடுங்குகிறது, மாலை தரையில் விழுந்தால் அவர் பரம்பரைக்கே தோஷம் என்று நடுங்குகிறார். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறது. அம்பாள் மாலையை ராஜா வாங்கமாட்டேன் என்கிறாரா? தூணோரம் மாமா மகனை யாரோ முன்னால் தள்ளுகிறார்கள். மாலையை வாங்காவிட்டால் அவன். வாங்கினால் மாசிலாமணி. கழுத்து நரம்பு இரண்டும் கயிறு மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கிறது, தலைப்பாகை முன்னால் சரிகிறது, அப்போது பிடரியில் ஒரு கை வந்து உட்காருகிறது. சூடான, மெத்தென்ற, மோதிரம் போட்ட கை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குளத்தில் நீச்சல் கற்றுக்கொடுத்த கை. "குனி தம்பி, பெரியவர் கை வலிக்குதுல்ல," என்று பாசமாகச் சொல்லிக்கொண்டே அது அழுத்துகிறது.

தலை தாழ்ந்தது. மாலை கழுத்தில் விழுந்தது. நாயுடு பார்த்தார், நாலு பேர் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கக்கத்திலிருந்து எடுத்துவிட்டார், திரும்பிவிட்டார், வெறுங்கால் கல்லில் தப்தப்பென்று போகிறது, வாசலில் பூட்ஸைத் தேடுவார், மாட்டுவார், அதற்கு நேரமாகும், அதற்குள், "வேண்டாம்!" யார் குரல் இது? என்னுடையதுதான், பகல் முழுக்க உபயோகிக்காத தொண்டை, உடைந்த பானை மாதிரி, "வேண்டாம், நாயுடு, வேண்டாம், சுடாதே, நில்லு!" சொல்லிவிட்டேன். முடிந்தது, இனி நான் யாருமில்லை, கயிற்றை அறுக்கட்டும், என்னவோ ஆகட்டும், காலிலிருந்து தலைவரைக்கும் லேசாக இருக்கிறது, நாயுடு நின்றுவிட்டார், திரும்பி என்னைப் பார்க்கிறார், வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. மாமாவைப் பார்க்கிறார். மாமா என்னைப் பார்க்கவில்லை. கையைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தழுதழுத்த குரலில் சொல்கிறார். "அம்பா வந்துட்டா! எம் புள்ளமேல அம்பா எறங்கிட்டா!" அப்புறம் மண்டபம் வெடிக்கிறது, தாயே தாயே என்று அலறல், கொட்டுக்காரர்கள் வெறிகொண்டு அடிக்கிறார்கள், "நான்தான் பேசுறேன், நான், முத்துவிஜயன்," என்று கத்துகிறேன், எனக்கே கேட்கவில்லை, எழுந்திருக்கப் பார்க்கிறேன், நாலு பேர் தோளைப் பிடித்துக்கொள்கிறார்கள், மரியாதையாக, சாமி வந்தவனைப் பிடிக்கிற மாதிரி, கீழே விழுந்துவிடக்கூடாதே என்று. "ஆட்டம் ஜாஸ்தியா இருக்கு, விபூதி விபூதி," என்கிறார்கள். நாயுடு இன்னும் அங்கேயே நிற்கிறார். "மகாராஜா ஏதோ சொல்றாப்பல..." என்று ஆரம்பிக்கிறார், அவர் உதட்டில் படிக்கிறேன். மாமா அவரிடம் சாந்தமாக, "மகாராஜா இன்னைக்குப் பேசமாட்டார் நாயுடு. உத்தரவு ஆயிருச்சு, நீங்க பாத்தீங்கல்ல?" நாயுடு பார்த்தார். பார்த்ததைத்தான் துரையிடம் சொல்லமுடியும். தலையை ஆட்டிக்கொண்டு போகிறார். குருக்கள் மேடையேறி என் நெற்றியில் விபூதியை அப்பி, வாயிலும் ஒரு சிட்டிகை போட்டு, தீர்த்தத்தைச் சாய்க்கிறார், "தாயே, சாந்தமா இருக்கணும், எது வேண்டாம்னு சொல்றே, நைவேத்யத்திலே ஏதாவது குறையா?" அவர் கண்ணில் கண்ணீர், அறுபது வருஷம் பூசை செய்தவருக்கு இன்றைக்குத்தான் அவள் பேசியிருக்கிறாள். எப்படிச் சொல்வேன் அவரிடம்? வாயெல்லாம் சாம்பல். கூட்டத்தை முட்டிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்துவிட்டாள், கறுத்து வற்றின முகம், முந்தானையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருக்கிறாள், என் காலடியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறாள். "ஆத்தா, மேலக்கரையில இருந்து வாரேன். கெணத்துல சேறுகூட இல்ல ஆத்தா. மழை உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லிரு." மேலக்கரை மாசிலாமணியின் தொகுதி. இவளுக்காகத்தான் அவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான், இவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள், நான் இரண்டு பேருக்கும் நடுவில், அதை அவளிடம் சொல்ல வாயைத் திறக்கிறேன், சாம்பல் குழைந்து வழிகிறது. வடக்கு மதிலுக்கு வெளியே வெடிக்கிறது. கோயில் வேட்டு அங்கேதான் போடுவார்கள். கச்சேரித் தெருவும் அங்கேதான் இருக்கிறது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. மறுபடி ஒன்று, அப்புறம் மெல்லிசாகச் சேர்ந்தாற்போல் சில, மரக்கிளை ஒடிகிற மாதிரி, அதுவும் வேட்டாக இருக்கலாம், திரி ஈரமாகியிருக்கலாம், எனக்குத் தெரியவில்லை, இந்தக் கொட்டு கொஞ்சம் நின்றால் தெரிந்துவிடும், நிறுத்தச் சொல்லுங்கள், யாராவது நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் முகம் எனக்குக் கலங்கித் தெரிகிறது. திடீரென்று அவள் முகம் மலர்கிறது, பின்னால் திரும்பி, அடிவயிற்றிலிருந்து கத்துகிறாள். "தண்ணி வருது! ஆத்தா கண்ணுல தண்ணி வருதுடீ! மழை உண்டு, இந்த வருசம் மழை உண்டு!" மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரைக்கும் பெண்கள் குலவை போடுகிறார்கள்.